மாடி அறையும் பொங்கல் சீரும்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் யார் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த வருஷம் எனக்கு எங்கேயும் போக வேண்டாம், படுத்தால் போதும் என்றிருந்தது. காலையில் யாரும் எழுப்பாமல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெயில் ஜன்னலில் ஏறும்வரை கிடக்க வேண்டும். அவ்வளவுதான் என் பேராசை. விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, வீட்டுக்குள் காலை வைக்கிறேன், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "லீவு விட்டாச்சுல்ல? அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டுடு" என்றார்.

செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை மனுஷர்.

யாருக்கு அதிரசம் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது? எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வருஷா வருஷம் பொங்கல் சீர் போக வேண்டும். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, வாழைத்தார், காய்கறி, கூடவே வீட்டில் செய்த பலகாரம். போன வருஷம் எங்கள் மகளுக்குத் தலைப்பொங்கல். பித்தளைப் பானை, பட்டு, வேட்டி என்று வண்டி பிடித்துக் குத்தாலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் இறக்கினோம். சம்பந்தி வீட்டுத் தெருவே நின்று பார்த்தது. இந்த வருஷமும் சீர் போக வேண்டியதுதான், வழக்கம் அது. ஆனால் சீரை வாங்கிக்கொள்ள வேண்டிய பெண் அங்கே இல்லை. ஐப்பசி அடைமழையில் ஒற்றைப் பையோடு எங்கள் வாசலில் வந்து இறங்கி, "இனிமே நான் அங்க போகமாட்டேம்மா" என்று சொன்னவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இளைத்துப்போயிருந்தாள். போன் அடித்தால் தூக்கிவாரிப்போடும் அவளுக்கு. "தோண்டித் துருவாத. கொஞ்ச நாள் இருந்துட்டுத் தானா போயிடுவா" என்றார் இவர். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்தி, சாயங்காலம் திரும்பிவந்து மறுபடி சமைக்கிறவளுக்கு, பெரிய விஷயங்களைப் பேச எங்கே தெம்பு இருக்கிறது?

அவள் கூடத்தில்தான் படுத்தாள். மாடியில் அவளுடைய அறை இருந்தது, படித்த காலத்து மேஜை, கட்டில் எல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் மனுஷர் படுக்கிற நிலைமையில் அது இல்லை. மழைக்காலம் முழுக்க ஒழுகி ஒழுகி, மேல்கூரைக் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுந்து கிடந்தது. உள்ளே கம்பியெல்லாம் துருப்பிடித்து வெளியே தெரிந்தது. மொட்டை மாடியில் பதித்திருந்த தட்டோடுகளின் இடுக்கில் புல் முளைத்துவிட்டது. கீழே கூடத்துக்குக் கதவு கிடையாது. பால்காரர், கேபிள்காரர், வயலில் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்ல வருகிறவர், எல்லோரும் நேராக அங்கேதான் வருவார்கள். எதிர்வீட்டு அக்கா தினம் ஒரு சாக்கில் வந்து, "என்னம்மா, பொங்கலுக்கு இப்பவே வந்துட்டியா?" என்று கேட்பார். கார்த்திகையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது வரும் சத்தம் கேட்டால் என் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் வந்து நிற்பாள். சொந்த வீட்டில் ஒளிந்து வாழ்ந்தாள் பெண். பார்க்கச் சகிக்கவில்லை.

அதனால் அரிசி ஊறப்போட்ட கையோடு கொத்தனாருக்குப் போன் பண்ணினேன்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மார்கழி மாசத்துல யாராவது வீட்டு வேலைய ஆரம்பிப்பாங்களா? தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"நான் என்ன புது வீடா கட்டப்போறேன்? ஒழுகுற எடத்த அடைக்கப்போறேன். மராமத்துக்கு ஏதுங்க மார்கழி?"

"இப்ப என்ன அவசரம்ங்கறேன்."

"உங்க பொண்ணு கூடத்துல படுத்துக் கெடக்கறா. கதவு இல்ல, தாப்பா இல்ல. வர்றவன் போறவன்லாம் பாத்துட்டுப் போறான். அதாங்க அவசரம்."

இவர் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "ரூமை ரெடி பண்ணிக் குடுத்துட்டா அவ அப்பறம் போகவே மாட்டா. புரியுதா உனக்கு? சீரோட சேத்து அவளையும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துடறேன். நல்ல நாளும் அதுவுமா வாசல்ல வந்து நிக்கிறவங்கள யாரு என்ன கேக்கப்போறாங்க? ஒரு பேச்சும் இருக்காது. எல்லாம் சரியாயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்து, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் ஓய்வு பெற்றவர். சண்டை என்றாலே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். எந்தச் சிக்கலையும் ஒரு தாம்பாளம் பழத்தையும் பாக்கையும் வைத்து மூடிவிடலாம் என்று நம்புகிற ஆள். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படித்தான்.

அந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் இரண்டு வேலை நடந்தது. கீழே அடுப்பங்கரையில் பெண்ணை அனுப்பிவைக்கிற வேலை. மேலே மாடியில் பெண்ணை வைத்துக்கொள்கிற வேலை. இரண்டுக்கும் ஆள் நான்தான். எதையும் மறுத்துச் சொல்ல வாயைத் திறப்பதைவிட இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையைச் செய்துவிடுவது எனக்கு எப்போதும் சுலபம். என் அலுப்புக்குப் பாதிக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

கொத்தனார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, காலில் செருப்பு இல்லை. மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்கு வராமல் ஏமாற்றினாலும் வாய்விட்டுத் திட்ட வழியில்லை. "சாமி, ஏன் சாமி நேத்து வரல? போனையும் எடுக்கல?" என்று பணிவாகக் கேட்பேன். "பூஜை இருந்துச்சும்மா" என்பார் அவரும் பணிவாக. பல்லைக் கடித்துக்கொண்டு காபி போட்டுக் கொடுப்பேன். அவர் குளிக்காதவர் கையால் எதையும் சாப்பிட மாட்டார் என்பதால், பனி கொட்டுகிற மார்கழிக் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெயில் ஏறும்வரை படுத்துக் கிடக்க ஆசைப்பட்டேன் பாருங்கள், எனக்கு வேண்டும்.

ஊறின அரிசியை வடித்து, கூடத்தில் வேட்டி விரித்து நிழலில் உலர்த்தியிருந்தேன். அதே நேரத்தில் மேலே பழைய காரையைக் கொத்த ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாடிப்படி வழியாகத் தூசி புகை மாதிரி இறங்கியது. நான் ஓடி, வேட்டியோடு அரிசியைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொல்லையில் தூறல். திரும்ப உள்ளே வந்தேன். கடைசியில் அதிரசத்து அரிசி எங்கள் கட்டிலில், மின்விசிறிக்குக் கீழே, ராஜா மாதிரி படுத்திருந்தது. நான்தான் படுக்க இடமில்லாமல் நின்றேன்.

பாகு காய்ச்சிய அன்று இன்னும் மோசம். அதிரசத்துக்குப் பாகுதான் எல்லாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும், அந்த நிமிஷமே இறக்கிவிட வேண்டும். சரியாக அந்த நிமிஷம் பார்த்து மேலேயிருந்து, "அம்மா, ஒரு நிமிஷம் மேல வாங்க, கம்பிய வந்து பாத்துடுங்க" என்று குரல். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் போய்ப் பார்த்தேன். துருவைச் சுரண்டிவிட்டேன், இனி பூசலாமா என்று கேட்கிறார் சாமி. பூசுங்க சாமி, அதுக்குத்தானே வந்தீங்க என்று சொல்லிவிட்டு இறங்கி வருவதற்குள் பாகு முறுகிவிட்டது. அதில் மாவைக் கிளறித் தட்டிப்போட்டுப் பார்த்தேன். வெந்து வந்தது அதிரசம் இல்லை, ஓட்டாஞ்சல்லி.

இவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அழுத்தமா இருக்கே" என்றார்.

"உங்க சம்பந்திக்குப் பல்லு கெட்டியாதானே இருக்கு? கடிக்கட்டும்."

"ஏன்டி இப்படிப் பேசற? முதல்லேருந்து பண்ணிடு" என்று போய்விட்டார். முதலிலிருந்து பண்ணினேன். வேறு என்ன செய்ய?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாடியில் வேலை ஆரம்பித்ததிலிருந்து என் மகள் நடமாட ஆரம்பித்தாள். முதலில் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்புறம் சித்தாளாக வந்த பெண்ணோடு சேர்ந்து தட்டோடு எடுத்துக் கொடுத்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிமெண்ட் பொடியோடு அவள் படியிறங்கி வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. புதுப் பூச்சுக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னதும், அது என் வேலை என்று எடுத்துக்கொண்டாள். குடம் குடமாகச் சுமந்துபோய் மொட்டை மாடியில் ஊற்றினாள்.

"இத்தன நாளு தண்ணி உள்ள வருதுன்னு அழுதோம். இப்ப நாமளே சொமந்துட்டுப் போய் ஊத்துறோம், பாத்தியாம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, அலுப்பில் அழுதேனா தெரியாது. அப்போதெல்லாம் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

மறுபடி கிளறி வைத்த மாவு நன்றாக ஊறியிருந்தது. சுடுகிற அன்று அவளும் கூட உட்கார்ந்தாள். நான் வாழையிலையில் தட்டி எண்ணெயில் விட, அவள் வெந்ததை எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்தாள். நன்றாகத்தான் வந்தது. நிறம் கூடவில்லை, விரியவில்லை. பாதி மாவு தீர்ந்திருக்கும், அவள் நிமிராமலே கேட்டாள்.

"இது யாருக்கும்மா?"

"தெரிஞ்சுகிட்டே கேக்காத."

"என்னையும் இது கூடவே வச்சுக் கட்டப்போறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றெழுத்து வார்த்தை. "எண்ணெ காயுது பாரு, பாத்து எடு" என்றேன். அவள் பார்த்துத்தான் எடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சீர் கிளம்பியது. மாடியில் அறை முடிந்திருந்தது. வெள்ளை அடித்து, மூட்டை மூட்டையாகக் காரையை அள்ளி வெளியேற்றி, மழையில் உப்பியிருந்த கதவை இழைத்து மாட்டி, உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. சுண்ணாம்பு வாசம் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். கீழே வாசலில் வண்டி நின்றது. தாம்பாளங்களும் தூக்குகளும் கூடத்தில் வரிசையாக இருந்தன. அதிரசம், முறுக்கு எல்லாம் அடுக்கிப் பழைய வேட்டித்துணியால் வாய் கட்டியிருந்தேன். முதல்நாள் முழுக்க நின்றதில் என் காலிரண்டும் வீங்கிக் கிடந்தன.

இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "அவள ரெடியா இருக்கச் சொன்னேனே. பட்டுப்பொடவ கட்டிக்கிட்டாளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அவள் படியின் திருப்பத்தில் வாளியோடு நின்றிருந்தாள். அதே பழைய நைட்டி, தோளில் துண்டு. அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. "சீர் போகட்டுங்க. அவ வரமாட்டா" என்றேன்.

"என்ன பேசற நீ? வண்டி வந்து நிக்குது."

"நிக்கட்டும்."

"அவ இல்லாம நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் அங்க நிக்கறது?"

"அப்ப போகாதீங்க."

"சீர் போகாம எப்படிடி இருக்கும்? ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் வந்து எம்பொண்ணு வாழ்க்கைய வாழப்போறதில்ல. நான் இந்த லீவு பூரா ஒடம்ப ஒடைச்சுக்கிட்டது அவள அனுப்பறதுக்கு இல்ல. எல்லாத்தையும் கட்டி வச்சிருக்கேன், தூக்கிட்டுப் போங்க. அவள மட்டும் கேக்காதீங்க." என் குரல் வண்டிக்காரர் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மகளை இழுத்துக்கொண்டு போகிற துணிச்சல் இவருக்கு இல்லை. சீரை நிறுத்திவிடுகிற துணிச்சலும் இல்லை. கடைசியில் தாம்பாளங்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்துப்போய் வண்டியில் வைத்தார். நான் ஒத்தாசை செய்யவில்லை. வண்டி போனதும் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. போன இடத்தில் கையைக் காலைப் பிடித்து, பொங்கலுக்குள் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினார். நான் அடுப்பில் ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்தேன். வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோன பாத்திரங்கள் சாக்குப்பையில் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். எல்லாம் கழுவித் துடைத்து, வெறுமையாக இருந்தன. சீர் கொண்டுவந்த பாத்திரத்தை எங்கள் பக்கம் யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு வெற்றிலையாவது வைப்பார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் ஒக்கார வச்சாங்க. காபி குடுத்தாங்க. சம்பா எப்படி வந்திருக்கு, மழையில சாஞ்சுடுச்சா, அறுப்புக்கு மிஷின் கெடைக்குதான்னு எல்லாம் கேட்டாங்க. உங்க வீட்டு அதிரசம் மாதிரி வராதுன்னு மாப்பிள்ளையே ரெண்டு எடுத்துத் தின்னாரு."

தண்ணீரை ஒரு வாய் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"அவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கலடி. கேப்பாங்க கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில நானே எந்திரிச்சு வந்துட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல் துண்டை வைத்தவர் எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாதிப் படி இறங்கி நின்றாள்.

"நீங்க கேட்டீங்களாப்பா?" என்றாள்.

இவர் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வந்ததுலேருந்து, சாப்டியா, தூங்கினியா, எப்ப கெளம்பறன்னு எல்லாம் கேட்டீங்க. ஏம்மா வந்தன்னு கேட்டீங்களா? அம்மாவும் கேக்கல." குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "யாராவது கேப்பீங்கன்னுதான் நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் கையில் வெறும் தூக்கோடு நின்றேன். ஒரு மழைக்காலம் முழுக்க என் பெண் என் அடுப்பங்கரையில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுக்கு அறை கட்டிக்கொண்டிருந்தேன், அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன், ஒன்று பாக்கியில்லாமல் எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தேன்.

இவர் படியில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். "வா. வந்து ஒக்காரு" என்றார். "என்னம்மா நடந்துச்சு? சொல்லு."

அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது.

"கல்யாணம் ஆன மொத மாசத்துலேருந்து சொல்லணும்ப்பா. நேரமாகும்."

"ஆகட்டும்."

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.